நாற்பத்தேழு மில்லிநொடி

ஜூலை மாதம். மொந்தெவிதேயோவில் எலும்பைத் தொடும் குளிர்.
இஸ்லா தெ ஃப்ளோரெஸ் தெருவில்
அட்டைப்பெட்டிகளைக் கொளுத்தி
சுற்றிலும் முரசுகளைச் சாய்த்து வைத்திருக்கிறார்கள்,
தோல் விறைக்கட்டும் என்று.
முன்வரிசை வில்மாரின் தோளில்
ஒலிப்பதிவுக் கருவியைச் செருகுகிறேன்.
தீப்பெட்டி அளவுதான்.
"கடிக்குமா?" என்கிறான்.

மில்கா தெச்செரா
முழங்காலுக்கென்று ஒரு மாத்திரையை
மாத்தே கஷாயத்தோடு விழுங்கிவிட்டு
சிக்கோவைத் தோளில் மாட்டுகிறாள்.
கந்தோம்பே முரசுகளில் அதுதான் சிறியது.
ஒரு காலியிடம், பிறகு மூன்று அடி.
ஒரு காலியிடம், பிறகு மூன்று அடி.
எட்டுத் தெரு தாண்டும்வரை
அவளுக்கு வேறு வேலை கிடையாது.

மூன்றாம் மாடி ஆய்வகத்தில்
பதினோரு இரவுகள் திணறியது என் நிரல்.
தாளம் எங்கே தொடங்குகிறது என்று கேட்டிருந்தேன்.
சத்தம் எங்கே பெரிதோ
அங்கே போய் உட்கார்ந்துகொண்டது,
பந்தியில் இலைகளை எண்ணச் சொன்னால்
சோறு விழுந்த இலையை மட்டும்
எண்ணிவிட்டு வரும் பிள்ளை மாதிரி.
யாருமே அடிக்காத இடத்தில்தான்
ஒன்று இருக்கிறது என்பதை
எந்திரத்துக்கு எப்படிச் சொல்வது?

இரைச்சல் என்று வடிகட்டி எறிந்ததை
ஒரு நள்ளிரவில் மறுபடி எடுத்துக் கேட்டேன்.
முப்பது பேரின் காலணிகள்
கல்தரையில் உரசும் ஒலி.
சரியாக அந்தக் காலியிடத்தில் விழுந்துகொண்டிருந்தது.
கை விட்ட அடியைக்
கால் வைத்திருந்தது.

அதன்பின் எல்லாம் எளிது, ஒன்றைத் தவிர.
மூன்றாம் சிக்கோ தாமதம்.
கிளம்பும்போது பன்னிரண்டு மில்லிநொடி.
இரண்டாம் முனையில் இருபத்தாறு.
நான்காம் தெருவில் நாற்பத்தேழு.
பத்தியின் தலைப்பு: பிழை.
"அந்த ஆளை நீக்கிவிடு,
சராசரி அழகாகிவிடும்" என்றார் பேராசிரியர் ஒத்ரியோசோலா.

நீக்கத்தான் போனேன்.
ஆனால் களைத்த கை சிதறும்,
முந்தும், பிந்தும், தடுமாறும்.
இது சிதறவில்லை.
அளவுகோல் வைத்துக் கோடிழுத்தது போல
சீராகப் பின்வாங்கியது.

ஒலி நொடிக்கு முந்நூற்று நாற்பது மீட்டர் போகும்.
முன்வரிசையின் அடி அவளைச் சேர வேண்டும்,
அவள் அடி வில்மாரின் தோளுக்குத் திரும்ப வேண்டும்.
போக்கும் வரவும் சேர்த்துப் பெருக்கி
இரண்டால் வகுத்தேன்.
எட்டு மீட்டர்.

அவள் பிந்தி அடிக்கவில்லை.
பின்னால் நடந்துகொண்டிருந்தாள்.
முழங்கால்.

ஐந்தாம் தெருவின் எண்கள் இவை:
நாற்பது, முப்பத்தொன்று, பதினெட்டு,
மறுபடி பன்னிரண்டு.
தாளத்தின் வேகம் நிமிடத்துக்கு நூற்று முப்பத்தெட்டு,
ஒன்றுகூடக் குறையவில்லை.

"அவளுக்காக நின்றீர்களா?"
"முரசு நின்றதா?" என்று திருப்பிக் கேட்டான் வில்மார்.
"நிற்கவில்லை."
"அப்புறம் என்ன?"
ரெபிகே வாசிக்கும் எதின்சன்
பூட்ஸின் அடியைப் பார்த்தபடி சொன்னான்:
"தரை ஈரம். வழுக்கியது.
கொஞ்சம் சின்னதாக அடி வைத்தோம், அவ்வளவுதான்."
வானிலைப் பதிவேட்டைப் புரட்டினேன்.
அந்த வாரம் முழுக்க
ஒரு சொட்டு மழையில்லை.

அடுத்த ஞாயிறு மில்கா
"இதை எனக்கு மாட்டு" என்றாள்.
மாட்டினேன்.
அன்றும் நான்காம் தெருவில் அவள்
எட்டு மீட்டர் பின்தங்கியதை
நானே நடைபாதையில் நின்று பார்த்தேன்.

திங்கள் காலை திரையில் அட்டவணை.
மில்காவின் தோளில் இருந்து கேட்டால்
யாரும் பிந்தவில்லை, யாரும் முந்தவில்லை.
பிழை என்ற பத்தியில்
மேலிருந்து கீழ்வரை சுழியம்.

கருவி பழுதா என்று
கேட்கிறார் பேராசிரியர்.